மையில் விழுந்த விரிசல்

1985 அக்டோபர் 15, காலை நேரம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகரான சால்ட் லேக் சிட்டியில் ஓர் அலுவலகக் கட்டடம். தன் அறை வாசலில் கிடந்த பொட்டலத்தைக் குனிந்து எடுத்தார் ஸ்டீவன் கிறிஸ்டென்சன். அது குழாய் வெடிகுண்டு. அங்கேயே இறந்துபோனார். அன்று காலையிலேயே நகரின் புறநகர்ப் பகுதி ஒன்றில் ஒரு பெண்மணியும் வீட்டு வாசலில் கிடந்த பொட்டலத்தை எடுத்து உயிரிழந்தார். அவருடைய கணவரும் கிறிஸ்டென்சனும் ஒரே நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். நிறுவனம் நொடித்துக்கொண்டிருந்தது. பணத்தைப் பறிகொடுத்த யாரோ பழிதீர்க்கிறார்கள் என்று போலீசார் கணக்குப் போட்டார்கள்.

மறுநாள் மூன்றாவது குண்டு அந்தக் கணக்கைக் கலைத்தது. அது வெடித்தது மார்க் ஹாஃப்மன் என்ற பழைய ஆவண வியாபாரியின் காரில். நிதி நிறுவனத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படுகாயத்தோடு பிழைத்த அவர், குண்டு வெடித்த விதத்தைப் பற்றிச் சொன்னது காருக்குள் கிடைத்த தடயங்களோடு பொருந்தவில்லை. போலீசாரின் பார்வை அவர் மீதே திரும்பியது. ஆனால் ஒரு கேள்வி இடித்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் தேவாலயத் தலைவர்களும் மதிக்கிற, நல்ல வருமானமுள்ள ஒரு வியாபாரி எதற்காகக் கொலை செய்ய வேண்டும்?

அவர் விற்ற ஆவணங்கள் பொய்யாக இருந்தால் மட்டுமே அதற்கு விடை உண்டு. அப்படித்தான் ஒரு கொலை வழக்கு வெடிமருந்து நிபுணர்களின் கையிலிருந்து நழுவி, மைக்ரோஸ்கோப்பும் பழைய காகிதமுமாக உட்கார்ந்திருக்கும் ஆவண நிபுணர்களின் மேசைக்கு வந்தது.

ஹாஃப்மனின் சரக்குகளில் பேர்போனது ‘சாலமாண்டர் கடிதம்’. மார்மன் சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் நெருங்கிய சகா மார்ட்டின் ஹாரிஸ் 1830-இல் எழுதியதாகச் சொல்லப்பட்டது. ஸ்மித்துக்குத் தேவதூதர் காட்சி தந்தார் என்பது அந்தச் சமயத்தாரின் நம்பிக்கை. கடிதமோ, பல்லி போன்ற ஒரு வெள்ளைச் சாலமாண்டர் ஆவியாக உருமாறியது என்றது. சமயத்தின் அடித்தளத்தையே அசைக்கும் இந்தத் தாளை 40,000 டாலர் கொடுத்து வாங்கி மார்மன் தேவாலயத்திடம் ஒப்படைத்தவர், பின்னால் குண்டுக்குப் பலியான அதே கிறிஸ்டென்சன். கடிதத்தை எஃப்.பி.ஐ. ஆய்வுக்கூடம் உட்படப் பலர் பரிசோதித்திருந்தார்கள். போலி என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்பதே எல்லோருடைய முடிவாகவும் இருந்தது.

ஓர் ஆவண நிபுணர் அப்படி என்னதான் பார்க்கிறார்? முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். கையெழுத்தைப் பார்த்துக் கோபக்காரர், கஞ்சர் என்று குணம் சொல்கிறவர்கள் வேறு, இவர்கள் வேறு. ஆவண நிபுணருக்கு எழுதியவரின் குணம் தேவையில்லை. எழுதியிருக்கும் செய்தியும் பல நேரம் தேவையில்லை. இந்தத் தாள் எப்படி உருவானது என்பதுதான் அவருடைய கேள்வி. எந்தக் கை எழுதியது, எந்த மை, எந்தக் காலத்துக் காகிதம், பிறகு யாராவது திருத்தினார்களா, அழித்தார்களா, தாளை மாற்றினார்களா என்று தேடுகிறார்.

கையெழுத்தில் எழுத்தின் வடிவத்தைவிட அது ஓடும் விதம் முக்கியம். பேனா எங்கே அழுந்துகிறது, எங்கே தாளை விட்டு எழும்புகிறது, ஓர் எழுத்து அடுத்ததை எப்படித் தொடுகிறது, சொற்களுக்கு இடையே எவ்வளவு இடம் என்பதெல்லாம் எழுதுகிறவர் யோசித்துச் செய்பவை அல்ல. பல ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகச் செய்பவை. பார்த்து வரைகிறவருடைய கவனம் வடிவத்தில் இருக்கும். அதனால் வேகம் குறையும். கோட்டில் மெல்லிய நடுக்கம் தெரியும். தேவையில்லாத இடத்தில் பேனா நின்று மறுபடி புறப்பட்ட புள்ளி உருப்பெருக்கியில் அகப்படும்.

இன்னொன்று, அசல் கையெழுத்து ஒருபோதும் அச்சு அசலாகத் திரும்ப வராது. 1868-இல் அமெரிக்காவில் சில்வியா ஆன் ஹௌலண்ட் என்ற செல்வச் சீமாட்டியின் உயில் பற்றிய வழக்கில் இது மேடையேறியது. இரண்டு கையொப்பங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் கீழ்நோக்கிய 30 கோடுகளும் இம்மி பிசகாமல் பொருந்தின. ஹார்வர்டின் கணித மேதை பெஞ்சமின் பியர்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவருடைய மகன் சார்லஸ் அந்த அம்மாளின் 42 கையொப்பங்களைச் சோடி சோடியாக ஒப்பிட்டு எண்ணியிருந்தார். ஏதேனும் ஒரு கோடு பொருந்துவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று. முப்பதும் ஒருசேரப் பொருந்துவது மனித அனுபவத்தில் நடக்காத காரியம் என்றார் பியர்ஸ். அளவுக்கு மீறிய ஒற்றுமையே நகலெடுத்ததற்கு அடையாளம் ஆயிற்று. கோடுகளை ஒன்றையொன்று சாராதவையாகக் கொண்ட அவருடைய கணக்கு பின்னாளில் விமர்சிக்கப்பட்டது. ஆனால் அந்த அடிப்படை விதி இன்றும் நிற்கிறது.

ஹாஃப்மனிடம் இந்த விதிகள் எடுபடவில்லை. அவர் எழுத்தைப் பார்த்து வரையவில்லை. வேண்டிய கையெழுத்தில் சரளமாக எழுதும் அளவுக்குக் கையைப் பழக்கி வைத்திருந்தார். காகிதத்திலும் தவறு கண்டுபிடிக்க முடியாது. நூலகங்களில் இருந்த பழைய புத்தகங்களின் எழுதப்படாத வெற்றுத் தாள்களைக் கிழித்துப் பயன்படுத்தினார். 1830-இன் கடிதம் அந்தக் காலத்துத் தாளிலேயே இருந்தது. மிச்சம் இருந்தது மை.

அக்காலத்து மேல்நாட்டு மை நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்குகளை வைத்தே செய்யக்கூடியது: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். மாசிக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்தால் நிறம் பிறக்கும். பிசின் அதைத் தாளில் ஒட்ட வைக்கும். எழுதும்போது வெளிறியிருக்கும் இந்த மை, காற்றுப் பட்டதும் கறுக்கும். பல பத்தாண்டுகளில் துருவின் பழுப்பு நிறத்துக்கு வரும். ஹாஃப்மன் மையைப் பழைய முறைப்படியே தயாரித்தார். அவரால் தயாரிக்க முடியாத ஒரே பொருள் காலம். அதை ரசாயனத்தால் ஈடுகட்டினார்.

யூட்டாவின் ஜார்ஜ் த்ராக்மார்ட்டனும் அரிசோனாவின் வில்லியம் ஃப்ளினும் செய்த முக்கியமான வேலை, ஒரு கடிதத்தை இன்னும் ஒருமுறை உற்றுப் பார்த்தது அல்ல. தேவாலயக் காப்பகத்திலிருந்து நூற்றுக்கணக்கான தாள்களை வரவழைத்தார்கள். ஹாஃப்மன் கைவழியாக வந்தவையும், அவருக்குத் தொடர்பே இல்லாமல் அந்தக் காலத்திலிருந்து அங்கேயே இருந்தவையும் அதில் கலந்திருந்தன. எல்லாவற்றையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். சில தாள்களில் மை, வறண்ட குளத்தின் சேற்றுப் படுகைபோலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. புற ஊதா ஒளியில் வேறு சிலவற்றில் ஏதோ திரவம் ஒரே திசையில் வழிந்து காய்ந்த தடம் தெரிந்தது. விரிசல் இருந்த தாள்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஒன்று விடாமல் எல்லாம் ஹாஃப்மன் கொண்டுவந்தவை.

முன்பு பார்த்த நிபுணர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அவர்கள் கையில் ஒரு கடிதம் மட்டும் இருந்தது. அதில் விரிசல் தெரிந்தாலும், பழைய மை அப்படித்தான் இருக்கும்போல என்று நினைக்க இடம் இருந்தது. உண்மையான பழைய மை அப்படி இருக்காது என்பது, உண்மையான தாள்கள் வரிசையாகப் பக்கத்தில் கிடந்தபோதுதான் புலப்பட்டது.

விரிசலின் காரணத்தையும் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் நிற்காது. ஃப்ளின் தானே பழைய செய்முறைப்படி மை காய்ச்சினார். பழைய தாளில் எழுதினார். விதவிதமான ரசாயனங்களால் அதை முதுமையாக்கிப் பார்த்தார். அம்மோனியா போன்ற காரப்பொருள் பட்டபோது மை நொடியில் பழுப்பாயிற்று. மையில் பிசின் இருந்தபோது அதே விரிசல் விழுந்தது. போலி மை தயாரிக்கப்பட்ட வழியை அவர் தன் ஆய்வுமேசையில் நடந்து காட்டிவிட்டார்.

போலீசார் மறுபக்கத்தில் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். ‘மைக் ஹான்சன்’ என்ற பொய்ப் பெயரில் ஹாஃப்மன் அச்சுத் தகடுகள் செய்யக் கொடுத்திருந்தார். ஒரு மின்னணுக் கடையில் பாதரச ஸ்விட்சும் பேட்டரி தாங்கியும் வாங்கிய ரசீதிலும் ஹான்சன் என்ற பெயர் இருந்தது. அவை குண்டின் உறுப்புகள். கள்ள ஆவணமும் கொலையும் ஒரு பெயரில் வந்து சேர்ந்தன. நோக்கமும் விளங்கியது. தன்னிடம் இல்லாத ஓர் ஆவணத் தொகுப்பைக் காட்டி ஹாஃப்மன் 1,85,000 டாலர் கடன் வாங்கியிருந்தார். அந்தத் தொகுப்பைப் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர் கிறிஸ்டென்சன். அவரைக் கொன்று நாளைத் தள்ளிப்போட்டு, இரண்டாவது குண்டால் விசாரணையை நிதி நிறுவனத்தின் பக்கம் திருப்பிவிட்டார். 1987 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் சிறைக்குப் போனார்.

இதற்கு நேரெதிரான கதை ஜெர்மனியில் நடந்தது. 1983-இல் ‘ஸ்டெர்ன்’ இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகளைக் கண்டெடுத்ததாக உலகுக்கு அறிவித்தது. அவற்றுக்காகச் சுமார் 93 லட்சம் மார்க் செலவழித்திருந்தது. புகழ்பெற்ற கையெழுத்து நிபுணர்கள் பார்த்து, ஹிட்லரின் கையெழுத்துதான் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர்கள் ஒப்பிடுவதற்காகக் கொடுக்கப்பட்ட மாதிரிகளில், நாட்குறிப்புகளைப் புனைந்த கோன்ராட் குயாவ் எழுதியவையும் கலந்திருந்தன. இரண்டும் ஒரே கை என்றது சரியான விடை. அந்தக் கை ஹிட்லருடையது அல்ல, அவ்வளவுதான். போருக்குப் பிந்தைய காலத்தில் காகிதத்தை வெளுப்பாக்கச் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள் நாட்குறிப்பின் தாளில் இருந்ததை அரசு ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்தபோது, இரண்டே வாரத்தில் மானம் கப்பலேறியது.

பேனாவின் மையைத் தவிர அதன் அழுத்தமும் சாட்சி சொல்லும். ஒரு நோட்டில் எழுதும்போது அடுத்த பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுகிறது. 1970-களின் இறுதியில் பிரிட்டனில் உருவான ஒரு கருவி இதைப் படிக்கிறது. தாளின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை விரித்து, மின்னூட்டம் ஏற்றி, ஜெராக்ஸ் தூள் போன்ற கறுப்புத் தூளைத் தூவினால், பள்ளங்கள் இருந்த இடத்தில் மேல்பக்கத்து எழுத்துகள் எழுந்து வரும். 1974-இன் பர்மிங்காம் குண்டுவெடிப்புகளுக்காக ஆயுள் தண்டனை பெற்ற ஆறு பேர் 1991-இல் விடுதலையானதற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம். விசாரணையின்போதே வரிசையாக எழுதியதாகப் போலீசார் சொன்ன குறிப்புகள் அப்படி எழுதப்படவில்லை என்று அது காட்டியது. குற்றவாளியைப் பிடிக்கும் கருவி, சில நேரம் பிடித்தவர்களையே பிடித்துவிடுகிறது.

இந்தியாவில் இந்தத் துறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயது. 1904-இல் வங்காள அரசு கையெழுத்து நிபுணர் பதவி ஒன்றை ஏற்படுத்தியது. 1906-இல் அது சிம்லாவுக்கு மாறியது. நிபுணரின் கருத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1979-இல் முராரி லால் வழக்கில் அலசியது. அதுவும் கொலை வழக்கு. கொலை நடந்த இடத்தில் விட்டுச்செல்லப்பட்ட ஒரு கிறுக்கல் முக்கியச் சாட்சியங்களில் ஒன்று. கைரேகை அறிவியலின் அளவுக்குக் கையெழுத்து ஆய்வு முழுமை பெறவில்லை. ஆகவே எச்சரிக்கை தேவை. அதற்காக வேறு சாட்சியம் துணைக்கு வந்தே தீரவேண்டும் என்ற சட்டமும் இல்லை. நிபுணர் காட்டும் காரணங்களை எடைபோட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

பேனா குறைந்த காலத்திலும் வேலை குறையவில்லை. வண்ண லேசர் பிரிண்டர்கள் பலவும் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் புள்ளிகளை அச்சிடுகின்றன. பிரிண்டரின் வரிசை எண்ணும் அச்சிட்ட தேதியும் அவற்றில் சங்கேதமாகப் பதிந்திருக்கும்.

ஹாஃப்மன் சிறைக்குப் போய்ப் பத்தாண்டுகள் கழித்து, 1997-இல், கவிஞர் எமிலி டிக்கின்சனின் அறியப்படாத கவிதை ஒன்று சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தது. அவர் பிறந்த ஆம்ஹெர்ஸ்ட் ஊரின் நூலகம் ஆசையாக 21,000 டாலருக்கு வாங்கியது. கையெழுத்து அவருடையது போலவே இருந்தது. தாளும் அந்தக் காலத்தது. நூலகத்தின் காப்பாளர் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் துரத்தினார்: இது இதற்கு முன் யார் யார் கையில் இருந்தது? அந்தச் சங்கிலி ஹாஃப்மனிடம் போய் முடிந்தது. ஏல நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆவணம் வந்த வழியையும், எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் கேட்ட பிறகே உருப்பெருக்கியை எடுக்க வேண்டும். அந்த வரிசை மாறினால், நல்ல நிபுணரும் நல்ல கருவியும் சேர்ந்தே பொய்க்கு முத்திரை குத்திவிட முடியும்.