ஒளியை அளந்து படமெடுப்போம்



பிரிஞ்சாங் மலையில் மூடுபனி தவழும் காலை வேளையில் படமெடுத்தால், வெண்மையாக விழவேண்டிய பனி சாம்பல் நிறமாகிறது. தேயிலைச் செடிகளிடையே நிற்கும் நம்மவர் முகமோ இருண்டுபோகிறது. இதற்குக் காரணம் அவர்தம் நிறமன்று. கருவியின் கணக்கே ஆகும். தானியங்கி அமைப்பில் கேமரா, எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே ஒளியை அளக்கிறது. எங்கும் வெண்பனியைக் கண்டவுடன் ஒளி மிகுதி என்றெண்ணிக் குறைத்துவிடுகிறது.

ஆகவே, ஒளியை நாமே அளக்கக் கற்றல் நலம். அதற்குரிய வழிகள் மூன்று. முதலாவது, அப்பர்ச்சர் எனப்படும் துளை. எஃப் 4 அகன்ற துளை. எஃப் 16 குறுகிய துளை. இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்வு எண். துளையை எஃப் 8 இலிருந்து எஃப் 5.6 ஆக அகட்டினாலும், நேரத்தை இரட்டித்தாலும், ஐ.எஸ்.ஓ. எண்ணை இரட்டித்தாலும் படத்தின் வெளிச்சம் இருமடங்காகும்.

இனி, சூழலுக்கேற்ற அளவுகளைக் காண்போம்.

நல்ல வெயில்: ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, 1/125 வினாடி. இது ஃபிலிம் காலத்து விதி, இன்றும் பொருந்தும்.

மூடுபனி: கேமரா 1/250 வினாடி காட்டினால் 1/125 வைப்போம். முகம் இன்னும் இருண்டிருந்தால் 1/60 வைத்து, கை அசையாமல் எடுப்போம்.

கொழுந்தெடுக்கும் கைகள்: 1/500 வினாடி. விரைந்து இயங்கும் கை கலங்காமல் பதியும். விளையாட்டுப் போட்டியில் ஓடுவோர்க்கு 1/1000 வேண்டும்.

அருவி: 1/2 வினாடி. நீர் வெண்பட்டுப் போல் விழும். முக்காலி இன்றியமையாதது.

வகுப்புக் குழுப்படம்: எஃப் 8. முன்வரிசையும் பின்வரிசையும் ஒருங்கே தெளிவாகும்.

மங்கலான அறை: ஐ.எஸ்.ஓ. 1600. படத்தில் சிறு புள்ளிகள் தோன்றினும், கலங்கிய படத்தினும் அது மேலானது.

கைப்பேசியில் துளை பெரும்பாலும் மாறாது. ஆயினும் 'புரோ' அமைப்புள்ள கைப்பேசிகளில் நேரத்தையும் ஐ.எஸ்.ஓ. எண்ணையும் மாற்றலாம்.

1858 ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேய அதிகாரிக்குத் தானியங்கிக் கருவி ஏதும் துணையில்லை. ஒளியைக் கண்ணால் மதித்து, நேரத்தைத் தாமே கணித்தார். அவர் எடுத்த படங்கள் இன்றும் நிலைத்துள்ளன.

எந்த முகம் முதன்மையானது என்பதைக் கருவி அறியாது, நாம் அறிவோம். தோட்டத்தில் உழைத்த தாத்தா பாட்டியரின் முகத்தை நாளைய பேரப்பிள்ளைகள் தெளிவாகக் காணவேண்டும். வரும் விடுமுறையில் அவர்களை மூடுபனியில் நிறுத்தி, ஒளியை அளந்து ஒரு படம் எடுப்போமாக!