தறிக்குழி இருந்த வீடு

கடையநல்லூரில் பழைய வீட்டின் தரையை மாற்ற வரும் அனுபவசாலிக் கொத்தனார் முதலில் கேட்பது, "இங்கே தறி எந்த இடத்துல கிடந்துச்சு?" என்பதுதான். தறிக்காகத் தோண்டிய குழியில் மணல் கொட்டித் தண்ணீர் விட்டு நன்றாக இறுக்காமல் டைல்ஸ் பதித்துவிட்டால், ஒரு மழைக்காலம் போனதும் மண் இறங்கிவிடும். தட்டிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வெற்றோசை கொடுக்கும்.

நெசவு ஓடிய நாளில் வீட்டுத் தரையை நூல்தான் தீர்மானித்தது. காய்ந்த காற்றில் பருத்தி நூல் பட்டுப்பட்டென்று அறுந்துபோகும். குழித்தறி தரைமட்டத்தோடு ஒட்டி நின்றதால் மண்ணின் ஈரம் பாவைக் காப்பாற்றியது. பட்டாசலுக்குச் சிவப்பு ஆக்சைடு பூசிப் பளபளப்பாக்கியவர்கள்கூடத் தறி கிடந்த அறையை மண்ணாகவே விட்டுவைத்தார்கள். மேலே பனங்கை, அதன்மேல் ஓடு. காசுள்ளவர்கள் மட்டப்பா போட்டார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து, காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெயில் வந்ததும் விட்டுவிடும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் காற்று வந்து விழும் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு எனக்குத் தெரியவில்லை.

மரமும் அந்தக் கணவாயைத் தாண்டித்தான் வந்தது. 1904இல் செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதை திறந்த பிறகு மலையாளத்துத் தேக்குக்கு வழி இன்னும் சுலபமானது. செங்கோட்டை மர அறுவை ஆலைக்கு ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் தடியின் வெட்டுமுகத்தில் தண்ணீர் தெளித்து, வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் விலை பேச்சு. நிலைக்கதவுக்குத் தேக்கு, உத்திரத்துக்குக் கோங்கு என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வேலை இருந்தது.

அந்தத் தேர்வை மாற்றியது பணம் மட்டும் அல்ல. இந்த ஊர்க்காரர்கள் வெகு காலம் முன்பே சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் குடியேறியவர்கள். 1941இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கமே தொடங்கினார்கள். 1970களுக்குப் பிறகு வளைகுடாச் சம்பாத்தியம் வந்து சேர்ந்தது. அதே சமயம் பழைய பொருள்களின் வரத்தும் சுருங்கியது. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் இட்ட உத்தரவு காட்டு மர வெட்டைக் கட்டுப்படுத்தியது. 2014 ஏப்ரலில் மியான்மர் தடி ஏற்றுமதியை நிறுத்தியது. இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குவது பெரும்பாலும் வெளிநாட்டுத் தோட்டங்களில் வளர்ந்த இளந்தேக்கு. அதில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு.

இன்றைய தேர்வு கைப்பேசித் திரையில் நடக்கிறது. மகன் ஷார்ஜாவிலிருந்து படம் அனுப்புகிறான். குஜராத்தின் மோர்பியிலிருந்து டைல்ஸ் வருகிறது, இத்தாலி மார்பிளும் வருகிறது. இதில் நான் வருத்தப்படவில்லை. அரை சதவீதத்துக்கும் குறைவாகவே நீர் உறிஞ்சும் விட்ரிஃபைடு டைல்ஸ், சாணம் மெழுகி மெழுகி முதுகு ஒடிந்த பெண்களுக்குக் கிடைத்த விடுதலை. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் படத்துக்கு நம் ஊர்ச் சாரலும் தெரியாது, சமையலும் தெரியாது. மார்பிள் சுண்ணாம்புக்கல் இனம். அடுக்களை மேடையில் எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ கொஞ்ச நேரம் நின்றால் போதும், அந்த இடத்தில் பளபளப்புப் போய்விடும். கருங்கல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. குவார்ட்ஸ் பலகை அழகுதான். ஆனால் அதில் சிலிக்கா 90 சதவீதம்வரை இருக்கும். அதை அறுக்கும் தொழிலாளியின் நுரையீரலைத் தூசி கெடுப்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அதைத் தடைசெய்துவிட்டது. நம் வீட்டு மேடைக்காக ஒரு பையன் முகமூடி இல்லாமல் அறுத்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பும் விலையோடு சேரவேண்டும். எம்டிஎஃப் அலமாரி ஈரத்தில் உப்பும். அடுக்களைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்கலாம். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் பளபளக்கும் டைல்ஸ் பதித்தால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். அங்கே சொரசொரப்புத்தான் ஆடம்பரம்.

விலையுயர்ந்த வீடு கட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய வீட்டை இடிக்கும்போது நிலையையும் உத்திரத்தையும் பழைய மர வியாபாரிக்குக் கொடுத்துவிடுவதற்கு முன்னால், ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல அடுக்குப் பெயின்ட் உரிந்த பிறகு உள்ளே தெரிகிற வைரத்துக்கு ஈடான மரம் இன்றைக்கு எந்தக் கடையிலும் லேசில் கிடைக்காது. புது வீட்டுத் தலைவாசலுக்கு அது போதும்.