மட்டையும் மையும் – 9: ஸ்கோர் ஷீட்டில் இடமில்லாத ஆள்

2023 ஆகஸ்ட் 12, சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம். ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதியாட்டத்தின் ஸ்கோர் ஷீட் கிடைத்தால் பாருங்கள். இந்தியா போட்ட நான்கு கோல்களுக்கு எதிரே 9, 45, 45, 56 என்று நான்கு எண்கள் இருக்கும். முதல் கோல் ஜுக்ராஜ் சிங், கடைசி ஆகாஷ்தீப் சிங். நடுவில் ஹர்மன்ப்ரீத் சிங்குக்கும் குர்ஜந்த் சிங்குக்கும் ஒரே நிமிடம். இடைவேளையில் மலேசியா 3-1 என்று முன்னால் நின்றது. மூன்றாவது கால் பகுதியின் கடைசி நிமிடத்தில் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஹர்மன்ப்ரீத் ஒன்று போட்டார். மலேசியா பந்தை நடுவில் வைத்துத் தொடங்கி, அந்த நிமிடம் முடிவதற்குள் குர்ஜந்த் இன்னொன்று போட்டுவிட்டார். 3-3. பிறகு 4-3, கோப்பை.

45-க்கும் 45-க்கும் நடுவில் ஒரு காற்புள்ளி இருக்கிறதே, ஹாக்கி எழுதுகிறவனின் வேலை அந்தக் காற்புள்ளிக்குள்தான். முன்னிலையில் இருந்த அணி பந்தை எப்படி விட்டது? யார் பறித்தது? யாருக்குப் போனது? அடிப்பதற்கு முன்னால், கோலைச் சுற்றியுள்ள 'டி'க்குள் இடம் உண்டாக்கிக் கொடுத்தது யார்? ஷீட் வாய் திறக்காது. அரங்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டாலும் பாதிப் பேர் கையைத்தான் விரிப்பார்கள். முதல் கோலுக்குக் கத்திக்கொண்டிருந்ததில் இரண்டாவதை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை.

கிரிக்கெட்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஒரு பந்து, ஒரு ஓய்வு, இன்னொரு பந்து. ஸ்கோர் கார்டைக் கையில் கொடுத்தால் ஐம்பது வருடம் கழித்துக்கூட அந்த ஆட்டத்தை ஓரளவு திரும்பக் கட்டிவிடலாம். ஹாக்கியில் கோல், நிமிடம், அட்டை, அவ்வளவுதான் மிஞ்சுகிறது. பச்சை அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே, மஞ்சள் என்றால் குறைந்தது 5, சிவப்பு என்றால் திரும்ப வரவே வேண்டாம். மற்றபடி அறுபது நிமிடம் இருபத்திரண்டு பேர் ஓடியதற்கு அந்தத் தாளில் தடயமே கிடையாது. பந்தோ கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு. ஆஃப்சைடு விதி தொண்ணூறுகளிலேயே போய்விட்டது. ஃப்ரீ ஹிட் கிடைத்தவர் யாருக்கும் தள்ளாமல் தானே எடுத்துக்கொண்டு ஓடலாம் என்ற விதியும் பின்னால் வந்து சேர்ந்தது. இருந்த ஒன்றிரண்டு மூச்சு விடும் இடங்களும் போயின.

அதனால்தான் எனக்கு ஹாக்கியைப் பார்ப்பதைவிட எழுதுவதில் பைத்தியம் அதிகம். பார்க்கும்போது கை தட்டுகிறேன். எழுத உட்காரும்போதுதான் என்ன நடந்தது என்று தெரிகிறது.

பாரிஸை எடுத்துக்கொள்வோம். 2024 ஒலிம்பிக் கால் இறுதியில் இந்தியாவும் பிரிட்டனும். 17-வது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. அவருடைய மட்டை பிரிட்டன் வீரர் ஒருவரின் தலையில் பட்டதற்காக. நாற்பது நிமிடத்துக்கும் மேல் பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று பிடித்துவைத்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷின் படம். நியாயம்தான். அந்தப் படம் வராமல் வேறு என்ன வரும்?

நான் அன்று யோசித்துக்கொண்டிருந்தது ரோஹிதாஸைப் பற்றி. ஒரு ஆட்டம் தடை என்றால் ஜெர்மனியுடனான அரை இறுதியில் அவர் கிடையாது. அதன் பொருள் ஒரு தடுப்பாட்டக்காரர் குறைவு என்பது மட்டும் இல்லை. அன்றைய இந்திய அணியில் பெனால்டி கார்னருக்கு முதல் ஆளாகப் பாய்கிறவர் அவர்தான்.

இந்தப் 'பாய்கிற ஆள்' யார் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெனால்டி கார்னரின்போது தடுக்கிற அணியில் கோல் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேருக்குத்தான் பின்கோட்டில் இடம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். எதிரணியில் ஒருவர் கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் பந்தை வைத்து வெளியே தள்ளுவார். கோலிலிருந்து 14.63 மீட்டர் தூரத்தில் இருக்கும் 'டி' கோட்டைப் பந்து தாண்ட வேண்டும். அங்கே ஒருவர் நிறுத்துவார், இன்னொருவர் மட்டையில் பந்தை ஏந்தி இழுத்துச் சுழற்றிவிடுவார். டிராக் ஃபிளிக். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும் வரும். எல்லாம் சேர்த்து இரண்டு வினாடி சமாச்சாரம்.

பந்து தள்ளப்பட்ட கணத்தில் கோல் கோட்டிலிருந்து ஒருவர் கிளம்பி, அந்த ஃபிளிக் அடிக்கிறவரை நோக்கி நேராக ஓடுகிறார். முகத்தில் கவசம், கையில் உறை, முழங்காலுக்குப் பட்டை. உலகத்தில் எல்லா உயிரும் வேகமாக வருகிற பொருளைக் கண்டால் விலகும். இவர் அதன் பாதையில் போய் நிற்கிறார். பந்தைத் தொட்டுவிட வேண்டும் என்பதுகூட அவருடைய முதல் வேலை கிடையாது. ஒரு பக்கத்தை உடம்பால் அடைத்துவிட்டால் இன்னொரு பக்கத்தைக் கீப்பர் பார்த்துக்கொள்வார். எந்தப் பக்கம் யாருக்கு என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். விதிப் புத்தகத்தில் இவருக்கென்றே ஒரு விசித்திரம் இருக்கிறது. அடிக்கிறவரிடமிருந்து 5 மீட்டருக்குள் இருக்கும்போது முதல் ஷாட் முழங்காலுக்குக் கீழே பட்டால் எதிரணிக்கு இன்னொரு பெனால்டி கார்னர். முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால், அடித்தது ஆபத்தான ஷாட் என்று தடுத்த அணிக்கு ஃப்ரீ ஹிட். அதாவது கணுக்காலில் வாங்கினால் வலியும் தண்டனையும். தொடையில் வாங்கினால் வலி மட்டும். இப்படி ஒரு விதியை எழுதியவர் நிச்சயம் அந்த இடத்தில் ஓடிப் பார்க்காதவர்!

அரை இறுதியில் 18-வது நிமிடத்தில் ஜெர்மனிக்காக கோன்சாலோ பெய்லாட் பெனால்டி கார்னரில் கோல் போட்டார். 2016-ல் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தவர், இப்போது ஜெர்மனிக்காரர். ஆட்டம் 3-2 என்று கை நழுவியது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் அது கோலாகியிருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அன்றைய ஆட்டத்தை எழுதுகிறவன், மைதானத்தில் இல்லாத அந்த ஆளைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட்டால் அவன் ஆட்டத்தை எழுதவில்லை. ஸ்கோர் ஷீட்டுக்கு வேலை செய்திருக்கிறான்.

நம் பத்திரிகைகளின் பெரும்பாலான ஹாக்கிச் செய்திகள் ஸ்கோர் ஷீட்டுக்கு உரை எழுதியவைதான். வென்றால் 'வரலாற்றுச் சாதனை'. தோற்றால் 'போராடித் தோல்வி'. 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் வாங்கியபோது '41 ஆண்டு தாகம் தணிந்தது' என்று எத்தனை பேர் எழுதினார்கள்! அந்த ஆட்டத்திலும் இந்தியா 1-3 என்று பின்தங்கியிருந்தது, கடைசி சில வினாடிகள் இருக்கும்போது ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. அந்த வினாடிகளைத் தாகத்தால் நிரப்பிவிட்டோம்.

சரியாக எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெர்லினைவிட நல்ல சாட்சி இல்லை. 1936 ஒலிம்பிக் இறுதியாட்டம். ஒலிம்பிக்குக்கு முன் பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4-1 என்று அடி வாங்கியிருந்தது இந்தியா. பதறிப்போய் ஊரிலிருந்து தாரா என்ற ஆட்டக்காரரை வரவழைத்தார்கள். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், ஆகஸ்ட் 15 அன்று ஆட்டம். (பதினோரு வருடம் கழித்து அதே தேதி என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.) இடைவேளை வரை 1-0. முடிவில் 8-1. இதுவரை தகராறு இல்லை. அந்த எட்டில் தயான் சந்த் போட்டது எத்தனை? நீங்கள் எந்தப் புத்தகத்தைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று என்று சில, ஆறு என்று சில. உலகத்தின் மிகப் பெரிய ஹாக்கி ஆட்டக்காரர், அவருடைய மிகப் புகழ்பெற்ற ஆட்டம், நிரம்பி வழிந்த அரங்கம். அவர் எத்தனை கோல் போட்டார் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிற கணக்கு நம்மிடம் இல்லை. ஆனால் ஹிட்லர் அவரைக் கூப்பிட்டு ஜெர்மன் ராணுவத்தில் பதவி தருவதாகச் சொன்னார் என்ற கதை மட்டும் வசனத்தோடு கிடைக்கிறது. கையில் பிடித்துக் காட்ட ஓர் ஆவணம் இல்லாத கதை அது. கணக்கு தொலைந்த இடத்தில் கதை குடியேறிவிடுகிறது.

இத்தனைக்கும் அந்த அணியில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். உடன் ஆடிய எம்.என்.மசூத் அந்தப் பயணத்தைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். தயான் சந்தின் சுயசரிதை 'கோல்' 1952-ல் வெளிவந்தது, அதுவும் எங்கிருந்து? நம் மெட்ராஸிலிருந்து. 'தி ஹிந்து' குழுமத்தின் 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகைதான் வெளியிட்டது. ஜான்சிக்காரரின் வாழ்க்கையை மவுண்ட் ரோடு அச்சடித்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் உள்ளூர்ப் பெருமை உண்டு.

தகராறு அந்தக் குடும்பத்தை விடவில்லை. 1975 மார்ச் 15, கோலாலம்பூர், உலகக் கோப்பை இறுதி. பாகிஸ்தான் முதலில் போட்டது. சுர்ஜித் சிங் சமன் செய்தார். பிறகு அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தின் உள்பக்கம் பட்டுத் திரும்பி வெளியே வந்தது. நடுவர் கோல் என்றார், பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் இல்லவே இல்லை என்றார்கள். 2-1. இந்தியா வென்ற ஒரே உலகக் கோப்பை அந்தப் பந்து கோட்டைத் தாண்டியதா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அசோக் குமார் தயான் சந்தின் மகன். அப்பா போட்டது எத்தனை என்பதில் வழக்கு, மகன் போட்டது கோல்தானா என்பதில் வழக்கு. நம் ஊர் வி.ஜே.பிலிப்ஸும் இருந்த அணி அது. நாட்டில் பெரும்பாலோருக்கு அந்த ஆட்டம் ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனைதான். வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால், பந்து உள்ளே போனதைத் தாங்களே பார்த்ததாகச் சொல்வார்கள்.

தமிழர்களில் ஹாக்கியை எழுதி வைக்கிற வேலையை உயிரைக் கொடுத்துச் செய்தவர்கள் உண்டு. 'தி ஹிந்து'வில் பல பத்தாண்டுகள் ஹாக்கி எழுதிய எஸ்.தியாகராஜன் ஒருவர். டெல்லியில் இருந்துகொண்டு ஹாக்கி வரலாற்றைத் தேடித் தேடிப் பதிவு செய்த கே.ஆறுமுகம் இன்னொருவர். ஆறுமுகம் எழுதியதோடு நிற்காமல், 'ஒன் தவுசண்ட் ஹாக்கி லெக்ஸ்' என்று ஓர் இயக்கம் தொடங்கி அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கையில் மட்டையைக் கொடுத்தார். இருவரும் எழுதியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் அந்த அலமாரி காலியாகத்தான் கிடக்கிறது.

காலியாக இருக்கக் கூடாத ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி. மூன்றாவதை வெளியூர்க்காரர்கள் சொல்வதில்லை. அங்கே லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கும்போது போய் உட்காருங்கள். ஒருமுறை நான் குறிப்பேட்டில் குனிந்து குனிந்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்:

“தம்பி, பந்தையே பாத்துக்கிட்டு இருக்கீகளே, அந்த லெஃப்ட் ஹாஃபப் பாத்தீகளா?”

“இல்லங்கய்யா. அவர் பந்தையே தொடலையே?”

“தொட மாட்டான். அவன் அங்க நிக்கிறதுனாலதான் பந்து அந்தப் பக்கமே வரல. எழுதுங்க.”

எழுதினேன். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்துக்குப் போனாலும் ஒரு கால் பகுதி முழுக்கப் பந்தைப் பார்க்காமல், ஒரே ஓர் ஆளைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். கண் பந்தின் பின்னால் ஓடும், இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால்தான் ஒரு ஹாஃப் எத்தனை முறை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார், கையை நீட்டி யாரை எங்கே போகச் சொல்கிறார் என்பதெல்லாம் தெரியும். தொலைக்காட்சி இதைக் காட்டாது. காமிராவும் பந்தின் பின்னால்தான் ஓடுகிறது.

2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் எஸ்.மாரீஸ்வரன், எஸ்.கார்த்தி என்று இரண்டு பெயர்கள் இருந்தன. மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர். கார்த்திக்கு அரியலூர், ஆடிப் பழகியது கோவில்பட்டியில். அந்த இருவருக்கும் முன்னால் அந்த ஊரில் மட்டை பிடித்தவர்கள், சொல்லிக் கொடுத்தவர்கள், வேலைக்குப் போய் வந்து சாயங்காலம் ஆடியவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி இருப்பதெல்லாம் வாய்மொழிதான். பெர்லினில் ஆன கதிதான் இங்கேயும் ஆகும்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய ஹாக்கிப் போட்டி மலர்கள், துண்டுப் பிரசுரங்கள், அணிப் புகைப்படங்கள் ஏதேனும் இருந்தால் இந்த வார இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். கோவில்பட்டி என்றில்லை, எந்த ஊராக இருந்தாலும் சரி. அசலை அனுப்ப வேண்டாம், நகல் போதும். புகைப்படத்தின் பின்பக்கம் யாராவது பெயர்களை எழுதி வைத்திருந்தால், அந்தப் பக்கத்தையும் மறக்காமல் நகலெடுங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: மாஸ்கோ 1980 – ஆறே அணிகள், தலைமை தாங்கிய சென்னைக்காரர் பாஸ்கரன்