மூலைக்கு மூணு கோட்!

எங்க அப்பா கொத்தனார். அம்பாசமுத்திரம் பக்கத்தில் அவர் பூசின சுவர்கள் இன்னும் அசையாமல் நிற்கின்றன. நான் கம்ப்யூட்டர் தட்டுகிற ஆசாமி. கரண்டி பிடித்ததெல்லாம் சாப்பாட்டு மேஜையில் மட்டும்தான். அப்பேர்ப்பட்ட நான் அமெரிக்காவில், நியூஜெர்ஸி எடிசனில், மூன்று வாரம் சுவர் பூசின கதை இது. சிரிக்காமல் படியுங்கள்!

அப்பா முதல் தடவையாக எங்க வீட்டுக்கு வருகிறார். முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. "கீழே டைனிங் ரூமைத் தடுத்து அவருக்கு ஒரு ரூம் போட்டுடலாங்க" என்றாள் மனைவி. ஆள் வந்தார். மரச்சட்டம் அடித்தார், பலகைகளைத் திருகினார். "மூலையும் இணைப்பும் பூசிக் கொடுக்கத் தனியா 1,200 டாலர்" என்றார்.

"பூசறதுக்கா? நான் கொத்தனார் பையன் சார்!" என்று அனுப்பிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

அங்கே உள்சுவருக்கு செங்கல் கிடையாது. 'ட்ரைவால்'தான். நடுவில் ஜிப்சம், இரண்டு பக்கமும் கெட்டிக் காகிதம். அரை அங்குல கனம், நாலுக்கு எட்டடிப் பலகை. 1894-ல் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காப்புரிமை வாங்கிய பலகைதான் இதற்குத் தாத்தா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மளமளவென்று வீடு கட்ட வேண்டி வந்தபோது, வாரக்கணக்கில் காயும் சுண்ணாம்புப் பூச்சை இது ஓரங்கட்டிவிட்டது.

பலகை மாட்டுவது சுலபம். வம்பெல்லாம் மூலையில்தான்! வெளிப்பக்கம் துருத்தும் மூலைக்குத் தகரப்பட்டை அடிக்க வேண்டும். உள்மூலைக்கு நடுவில் மடிப்பு உள்ள காகித டேப். அதை ஒட்டவும் மூடவும் கெட்டித் தயிர் பதத்தில் ஒரு வெள்ளைப் பசை. தொழில்காரர்கள் அதைச் செல்லமாக 'மட்', அதாவது சேறு என்பார்கள்.

முதல் மூலையில் சேற்றை அப்பினேன். டேப்பை அழுத்தினேன். இடது பக்கம் கரண்டியால் இழுத்தால் வலது பக்கம் கோடு விழுந்தது. வலதைச் சரி செய்தால் இடது காலி. ராத்திரி பதினோரு மணி வரை கோடு போட்டு விளையாடினேன். காலையில் பார்த்தால் டேப் அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது! அடியில் சேறு போதவில்லையாம்.

வெட்கத்தை விட்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"ஏலே, ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா ஏம்லே பூசுத? ஒரு பக்கம் முடி. காயட்டும். மறுநாள் அடுத்த பக்கம். மூலைன்னா எங்கயும் அதான்."

ட்ரைவாலைப் பார்த்தே இராத மனுஷர். சொன்னது அட்சரம் பிசகாமல் சரி!

அடுத்து பொறுமைப் பரீட்சை. சேற்றிலுள்ள தண்ணீர் வற்றும்போது அது சுருங்கும். ஒரேயடியாகத் தடிமனாக அப்பினால் வெடிப்பு விடும். அதனால் மெல்லிசாக மூணு கோட். ஒவ்வொன்றும் காய ஏறக்குறைய ஒரு நாள். முந்தினதைவிட அடுத்தது கொஞ்சம் அகலம், ஓரம் சுவரோடு கரைந்துவிட வேண்டும். ஆபீஸில் எதற்கும் 'இன்னிக்கே முடிச்சிடறேன்' என்கிற ஆள் நான். சேற்றிடம் அந்தப் பருப்பு வேகவில்லை.

கடைசியில் உப்புக்காகிதம். மூக்குக்கு முகமூடி கட்டினேன். சாம்பாருக்குக் கட்ட மறந்துவிட்டேன். அன்று இரவு மனைவி பேசவில்லை. அழுத்தித் தேய்த்தாலும் ஆபத்து, பலகையின் காகிதம் பஞ்சு பஞ்சாகக் கிளம்பிவிடும்.

"பெயின்ட் அடிச்சா மறைஞ்சிடும்ப்பா" என்றேன் போனில்.

"பெயின்ட்டு காட்டிக் குடுக்கும்லே! டார்ச்சைச் சுவரோட ஒட்டிச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாரு."

பிடித்தேன். வழவழப்பு என்று நினைத்த இடமெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை! மறுபடி ஒரு கோட்.

முதுகு பிடித்துக்கொண்டது. தோள் எரிந்தது. ஒரு ரூமுக்கே இந்தப் பாடு. அப்பா நாற்பது வருஷம் சாரத்தில் நின்று பூசியிருக்கிறார். சாயங்காலம் வந்து கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பேன். 'வலிக்குதாப்பா' என்று ஒரு நாளாவது கேட்டேனா? ஞாபகமில்லை.

அப்பா வந்தார். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நாலு மூலையிலும் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டினார். முதல் மூலையில் மட்டும் விரல் நின்றது.

"இது வேற ஆளு செஞ்சதோ?"

"நான்தாம்ப்பா. முதல் மூலை."

மற்ற மூன்றையும் திரும்பிப் பார்த்தார். "இதெல்லாம் பரவாயில்ல" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. எனக்குத் தொண்டை அடைத்தது.

"ஆளுக்கு விட்டா எவ்வளவு கேட்டான்?"

சொன்னேன். ரூபாயில் கணக்குப் போட்டவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி! உனக்கு காலேஜ் பீஸ் கட்டினதுக்கு, கரண்டியைக் கையில குடுத்து அனுப்பியிருக்கலாமேலே!"