உங்களுக்குத் தெரியுமா? பழைய பிக்-அப்பின் மூளைக்குள்ளே!

ஒரகடம் ரோட்டில் லோடு ஏற்றிப் பறக்கும் பழைய தோஸ்த்தைப் பார்த்திருப்பீர்கள். அசோக் லேலண்டும் நிஸானும் சேர்ந்து 2011-இல் இறக்கிய வண்டி. மூன்றே சிலிண்டர்! லோடோடு 2,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது, 'டீசலைப் பீய்ச்சு' என்று அதன் கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு எத்தனை முறை உத்தரவு போடுகிறது தெரியுமா? குறைந்தது 3,000 முறை!

'ஈ.சி.யு. போச்சு, மாத்தணும்' என்று அந்தக் கம்ப்யூட்டரைக் காட்டி யாராவது சொன்னால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள்! முதலில் பேட்டரியில் மீட்டரை வையுங்கள். ஓடாமல் நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் என்றால் ஃபுல் சார்ஜ். 12.0 என்றால்? பேட்டரி கிட்டத்தட்டக் காலி! நடுவில் இருப்பது வெறும் 0.6 வோல்ட்!

துருப்பிடித்த எர்த் வயர் செய்யும் கூத்து இன்னும் பெரிது. அதில் தடை 0.02 ஓம்தான் என்று வையுங்கள். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும்போது அங்கேயே 3 வோல்ட் அம்பேல்! பழி மட்டும் கம்ப்யூட்டர் மேல்!

சூடானால் வண்டி நின்றுவிடுகிறதா? டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறதா? கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள்! பல இன்ஜின்களில் அது எண்ணும் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் உண்டு. ஆனால் இருப்பது 58! வேண்டுமென்றே விட்ட அந்த இரண்டு பல் ஓட்டையை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது!

ஃபியூஸ் நிறம் மனப்பாடமா? சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர்!

இப்போது வருவதுதான் என் செல்லக் கண்டுபிடிப்பு! ஸ்கேனர் மாட்டினால் 'தொடர்பு இல்லை' என்கிறதா? ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன் உள்ள வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, 6-ஆவது பின்னுக்கும் 14-ஆவது பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 வந்தால் லைன் நலம்! 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது! பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் கட்டிப்பிடித்துக் கிடக்கின்றன! சாதாரண மீட்டர் போதும், ஸ்கேனரே வேண்டாம்! முறுக்கிய இந்த இரட்டை வயர் ஏற்பாட்டை பாஷ் கம்பெனி உலகுக்குக் காட்டிய வருஷம் 1986!

ஸ்கேனரில் ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார் கோளாறா? எல்லாம் ஒன்றாகச் செத்திருக்காது! பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் லைனைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று ஷார்ட் ஆனால் அத்தனையும் படுத்துவிடும். கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அவன்தான் திருடன்!

இரவோடு இரவாக பேட்டரி இறங்குகிறதா? சாவியை எடுத்த பிறகும் 0.05 ஆம்பியர் வரை ஓடுவது சகஜம். 50 ஏ.எச். பேட்டரி அதற்கு 40 நாள் தாங்கும். அதுவே 1 ஆம்பியர் கசிந்தால்? இரண்டே நாள்!

காமன் ரெயில் இன்ஜெக்டர் வயரில் டெஸ்ட் லேம்ப்பை வைக்கவே வைக்காதீர்கள்! பேட்டரி 12 வோல்ட்தான். ஆனால் இன்ஜெக்டரைத் திறக்க, பல வண்டிகளில் ஈ.சி.யு. அதை 60 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி அனுப்புகிறது!

ஒரகடத்திலேயே, சுமார் 300 ஏக்கரில், குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. ரேடியோ அலை பட்டால் வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் குழம்புகிறதா என்று சோதிக்கவே அங்கே தனி லேப்!

நடுரோட்டில் பிக்-அப் படுத்துவிட்டதா? பக்கத்தில் நிற்கும் பெரிய லாரியிடம் கரண்ட் கடன் கேட்காதீர்கள்! 2012 முதல் இதே ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் கனரக லாரிகளில் இருப்பது தொடராகச் சேர்த்த 12 வோல்ட் பேட்டரி இரண்டு. உங்கள் 12 வோல்ட் கம்ப்யூட்டருக்குள் பாயப்போவது 24 வோல்ட்!