சீனி கட்டுப்பாட்டில் இருந்தாலும் கண்ணைக் காட்ட வேண்டுமா?

நீரிழிவு உள்ளவருக்கு விழித்திரை கெடப்போவதை இரத்தத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்ற செய்தி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கற்பிட்டி, உடப்பு, முந்தல் பக்கம் உள்ளவர்களுக்கு இதில் ஆசை பிறப்பது நியாயமே. கண் வைத்திய நிபுணரைப் பார்க்க ஒருநாள் உழைப்பை விட்டு பஸ் ஏற வேண்டும். இரத்தம் கொடுப்பதென்றால் கிளினிக்கிலேயே முடிந்துவிடும். ஆனால் அந்த ஆசையால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், போன பார்வை முழுதாகத் திரும்ப வராமல் போகலாம்.

மூன்று மாதச் சீனி அளவு நன்றாக வந்திருக்கிறது. அது போதாதா?

போதாது. எச்பிஏ1சி எனப்படும் அந்தப் பரிசோதனை மிக முக்கியமானது. முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டிசிசிடி ஆய்வின் முடிவு 1993இல் வெளிவந்தது. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் புதிதாக விழித்திரை நோய் வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகைக்கான பிரித்தானிய ஆய்வில், எச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களிடம் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டிசிசிடி தரவுகளை 2008இல் மறுபடி கணக்கிட்டார்கள். ஒருவருக்குக் கண் கெடுகிறது, இன்னொருவருக்குக் கெடவில்லை என்ற வித்தியாசத்தில் ஏறக்குறைய 11 சதவீதத்தை மட்டுமே எச்பிஏ1சியும் நோய் இருந்த காலமும் விளக்கின. மிச்சம் இரத்த அழுத்தம், பரம்பரை, இன்னும் பிடிபடாத காரணங்கள். இரத்த அறிக்கை வானிலை அறிவிப்பு மாதிரி. கடல் கொந்தளிக்கக்கூடும் என்று சொல்லும், உங்கள் வள்ளத்தில் ஓட்டை விழுந்துவிட்டதா என்று சொல்லாது.

எங்கள் குடும்பத்தில் தலசீமியா இருக்கிறது. அளவு பிழைக்குமா?

பிழைக்கலாம். எங்கள் வடமேல் மாகாணத்தில் இந்தக் கேள்வியை அவசியம் கேட்க வேண்டும். நாட்டின் பெரிய தலசீமியா சிகிச்சை நிலையம் குருநாகலில் இருப்பதே இங்கு அந்நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைக் காட்டும். எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சீனியின் அளவு. தலசீமியாவில் நடக்கக்கூடியதுபோல் அந்த அணுக்கள் சீக்கிரம் அழிந்தால் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களின் அளவையும் நம்ப முடியாது. இரும்புச்சத்துக் குறைவில் பெரும்பாலும் பொய்யாகக் கூடும். வெறுவயிற்றுச் சீனிக்கும் எச்பிஏ1சிக்கும் பொருந்தவில்லை என்றால் டொக்டரிடம் குடும்ப விவரத்தைச் சொல்லுங்கள்.

புதிய இரத்தக் குறிகாட்டி என்கிறார்களே, அது என்ன?

2022இல் இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள நீரிழிவு நோயாளரிடம் பல குறிகாட்டிகளை ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. சிஸ்டாட்டின்-சி என்ற புரதம் அதில் முன்னுக்கு வந்தது. கண் கமரா இல்லாத இடங்களில், பார்வையைப் பறிக்கும் நிலையை எட்டியவர்களை முதலில் பொறுக்கியெடுத்து நிபுணரிடம் அனுப்ப இது உதவலாம் என்பதே எதிர்பார்ப்பு. எங்கள் கரையோரத்துக்கும் அப்படியொரு வழி கிடைத்தால் பெரிய ஆறுதல்தான். ஆனால் சிறுநீரகம் பழுதானாலும் சிஸ்டாட்டின்-சி உயரும். எது கண்ணின் குற்றம், எது சிறுநீரகத்தின் குற்றம் என்று அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இன்று கண் பரிசோதனைக்குப் பதிலாக வைக்கத்தக்க இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எனக்குப் பார்வை தெளிவாகத்தானே இருக்கிறது?

ஆபத்தே அங்குதான். விழித்திரை நோய் வலிக்காது, நடுப்பார்வையைத் தொடும்வரை பெரும்பாலும் மங்கச் செய்யாது. சென்னையில் நடந்து 2005இல் வெளியான ஆய்வொன்றில் நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தபோது 17.6 சதவீதத்தினருக்கு நோய் இருந்தது. இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த உடனேயே ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெண்கள் கருத்தரித்தால் முதல் மூன்று மாதத்துக்குள் காட்டுவது கட்டாயம். கர்ப்ப காலத்தில் இந்நோய் வேகமாக முற்றும். நீண்டகாலம் கூடியிருந்த சீனியை மருந்தால் சட்டென்று இறக்கும்போதும் சிலருக்குக் கண் தற்காலிகமாக மோசமாகும். அதற்குப் பயந்து மருந்தை நிறுத்தக் கூடாது, இறக்குமுன் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

விழித்திரை நோய்க்கு லேசர் அடித்தால் இருக்கிற பார்வையும் போகும் என்கிறார்களே?

பலர் லேசருக்கு வருவதே பிந்தித்தான். அதற்குள் பழுதான பகுதியை லேசர் மீட்டுத் தராது, மிச்சப் பார்வையைக் காப்பாற்றும். பிந்தி வந்தவர்களைப் பார்த்தே இந்தப் பயம் ஊரில் பரவியது. பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் சற்றுக் குறையலாம் என்பது உண்மை. இரவில் கடலுக்குப் போகிறவர்கள் அதை நிபுணரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசி பலருக்குப் பார்வையைக் கூட்டியும் தருகிறது.

கண் பார்க்கப் போகும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

கிளினிக் கொப்பியையும் மருந்துகளையும் கொண்டுபோங்கள். கண்மணியை விரிக்கத் துளி மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கும், வெயில் கூசும். மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கூட ஒருவர் வரட்டும். திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்ததுபோல் இருந்தாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.