உங்களுக்குத் தெரியுமா? டெல்லியில் ராஜினாமா செய்தவர்களும் அவர்கள் விட்டுப்போன தொகுதிகளும்

★ ப.சிதம்பரத்தை நோக்கிப் பறந்த ஷூவுக்கும் டெல்லி ரஜௌரி கார்டன் இடைத்தேர்தலுக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2009 ஏப்ரல் 7 அன்று, அப்போது உள்துறை அமைச்சராக இருந்த சிதம்பரத்தின் செய்தியாளர் சந்திப்பில் ஷூவைக் கழற்றி எறிந்தவர் ஜர்னைல் சிங் என்ற பத்திரிகையாளர். 1984 சீக்கியர் படுகொலை விவகாரத்தில் காங்கிரஸின் ஜகதீஷ் டைட்லருக்கு சிபிஐ நற்சான்று கொடுத்ததுதான் அவருடைய கோபம். ஷூ குறி தவறியது. ஆனால் டைட்லருக்கும், அதே விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்ட சஜ்ஜன் குமாருக்கும் அறிவித்திருந்த மக்களவை சீட்டை காங்கிரஸ் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அதே ஜர்னைல் சிங் 2015இல் ஆம் ஆத்மி வேட்பாளராக ரஜௌரி கார்டனில் ஜெயித்தார். இரண்டு ஆண்டு முடிவதற்குள், பஞ்சாபின் லம்பி தொகுதியில் முதல்வர் பிரகாஷ் சிங் பாதலை எதிர்த்து நிற்பதற்காக ராஜினாமா செய்துவிட்டுப் போனார். லம்பியில் கிடைத்தது மூன்றாம் இடம். 2021 மே மாதம் கொரோனாவில் காலமானார்.

(அதே சட்டமன்றத்தில், அதே கட்சியில், அதே மேற்கு டெல்லியில் இன்னொரு ஜர்னைல் சிங்கும் எம்எல்ஏ. அவர் திலக் நகர்க்காரர். சபாநாயகர் எப்படிச் சமாளித்தாரோ!)

★ அவர் விட்டுப்போன தொகுதியில் என்ன நடந்தது? 2017 ஏப்ரல் 9 அன்று வாக்குப்பதிவு. 2015இல் டெல்லியின் 70 இடங்களில் 67ஐ அள்ளிய ஆம் ஆத்மிக்கு இங்கே கிடைத்தவை 10,243 வாக்குகள். டெபாசிட் போச்சு. பாஜக சின்னத்தில் நின்ற அகாலி தளத்துக்காரர் மஞ்சிந்தர் சிங் சிர்சா 14,652 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். காங்கிரஸுக்கு இரண்டாம் இடம். “எங்களை விட்டுவிட்டுப் பஞ்சாபுக்குப் போனாயே” என்ற கோபத்தைத் தொகுதி கட்சியின் மேல் காட்டிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

★ சட்டமன்றத் தேர்தலில் பொதுப் பிரிவு வேட்பாளர் கட்டும் டெபாசிட் 10,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் 5,000. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் தோற்றவருக்கு அது திரும்பக் கிடைக்கும்.

★ ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்துக்குப் போட்டியிட அந்த மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மாநிலங்களவைக்கும் 2003 வரை இதே விதிதான். அந்த ஆண்டு கொண்டுவந்த திருத்தம் அதைத் தூக்கிவிட்டது. டெல்லி ராஜிந்தர் நகர் எம்எல்ஏவான ராகவ் சத்தா 2022இல் பஞ்சாபிலிருந்து மாநிலங்களவைக்குப் போக முடிந்தது இந்தத் திருத்தத்தின் புண்ணியத்தில்தான்.

★ சத்தா விட்டுச்சென்ற ராஜிந்தர் நகர் நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்குப் பழகிய பெயர். கரோல் பாக் பக்கம் ஐஏஎஸ் கோச்சிங்குக்காக அறை எடுத்துத் தங்கியவர்கள் இந்தத் தெருக்களில் டீ குடித்திருப்பார்கள். 2022 ஜூன் 23 அன்று நடந்த இடைத்தேர்தலில் ஆம் ஆத்மியின் துர்கேஷ் பாடக் 11,468 வாக்குகளில் வென்றார். எம்எல்ஏ மேலவைக்குப் போனதை மக்கள் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை போலும். ஆனால் ஓட்டுப்போட வந்தவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. அதே பாடக் 2025 பொதுத்தேர்தலில் அதே தொகுதியில் 1,231 வாக்குகளில் தோற்றார்.

★ கட்சி தாவ நினைக்கும் எம்எல்ஏ ஏன் முதலில் பதவியை விடுகிறார்? 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம்தான் காரணம். பதவியில் இருந்துகொண்டே தாவினால் தகுதி நீக்கம். விட்டுவிட்டுத் தாவினால் புதுச் சின்னத்தோடு அதே மக்களிடம் போய் நிற்கலாம். இதை மொத்த வியாபாரமாகவே செய்து காட்டியது மத்தியப் பிரதேசம். 2020இல் 22 காங்கிரஸ் எம்எல்ஏக்கள் ஒரேயடியாக ராஜினாமா செய்ய, கமல்நாத் ஆட்சி கவிழ்ந்தது. மற்ற காலியிடங்களும் சேர்ந்து நவம்பரில் 28 இடங்களுக்கு இடைத்தேர்தல். 19 பாஜகவுக்கு.

★ டெல்லியில் அந்த வித்தை பலிக்கவில்லை. வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது பவானா. கிராமங்கள், தொழிற்பேட்டை, நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களின் மறுகுடியமர்வுக் காலனிகள் என்று பரந்து கிடக்கும் தனித் தொகுதி. 2015இல் சுமார் 50 ஆயிரம் வாக்குகளில் வென்ற ஆம் ஆத்மியின் வேத் பிரகாஷ், 2017 மார்ச்சில் ராஜினாமா செய்து பாஜகவுக்குப் போனார். நேரம் நல்ல நேரமாகத்தான் தெரிந்தது. ரஜௌரி கார்டனில் ஆம் ஆத்மி கவிழ்ந்தது, ஏப்ரல் 23 மாநகராட்சித் தேர்தலிலும் பாஜகதான் வாரிக்கொண்டது. ஆகஸ்ட் 23 அன்று பவானா ஓட்டுப்போட்டது. வேத் பிரகாஷ், தன் பழைய கட்சியின் ராம் சந்தரிடம் 24,052 வாக்குகளில் தோற்றார். ஆளை அனுப்பியவர்களுக்கே அவரைத் திருப்பி அழைக்கவும் தெரியும் என்பதுபோல ஒரு தீர்ப்பு.

இன்னொரு சுவாரஸ்யம். வாக்குப்பதிவு இயந்திரத்தில் மோசடி செய்யலாம் என்று ஆம் ஆத்மி அந்த மே மாதம்தான் சட்டமன்றத்துக்குள்ளேயே ஒரு மாதிரி இயந்திரத்தை வைத்துச் செய்து காட்டியிருந்தது. பவானாவில், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தோடு தேர்தல் நடந்தது. ஜெயித்தது, குற்றம் சாட்டிய கட்சி!

★ இயந்திரமே வேண்டாமா? அதற்கும் வழி கண்டுபிடித்தவர்கள் உண்டு. தனித் தெலங்கானா கேட்டு எம்எல்ஏக்கள் ராஜினாமா செய்ததால் 2010 ஜூலையில் 12 தொகுதிகளில் இடைத்தேர்தல் வந்தது. அன்றைய இயந்திரத்தில் அதிகபட்சம் 64 பெயர்கள்தான் அடங்கும். அதற்குமேல் ஆள்களை நிறுத்தி, சில தொகுதிகளில் வாக்குச்சீட்டையே வரவழைத்துவிட்டார்கள். முடிவு: டிஆர்எஸ் 11, பாஜக 1.

★ அறிவித்த பிறகு காணாமல் போன இடைத்தேர்தல்களும் டெல்லியில் உண்டு. டெல்லி எம்எல்ஏக்களாக இருந்த ஹர்ஷ் வர்தன், ரமேஷ் பிதூரி, பர்வேஷ் வர்மா மூவரும் 2014 மே மாதம் மக்களவைக்குத் தேர்வானார்கள். கிருஷ்ணா நகர், துக்ளகாபாத், மெஹ்ரோலி காலி. நவம்பர் 25 அன்று வாக்குப்பதிவு என்று தேதியும் குறித்தாயிற்று. அதற்குள் சட்டமன்றத்தையே கலைத்துவிட்டார்கள்.

★ காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற விதி 1996இல்தான் வந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. ஆனால் மிச்சப் பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் இந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் 2024 நவம்பரில் கைலாஷ் கெலாட் விலகியபோதும், 2025 ஜனவரி 31 அன்று ஆம் ஆத்மி எம்எல்ஏக்கள் 7 பேர் ஒரே நாளில் விலகியபோதும் யாரும் ஓட்டுப்பெட்டியைத் தேடவில்லை. பொதுத்தேர்தலே ஐந்து நாளில் வந்துவிட்டது.

★ டெல்லி கண்ட இடைத்தேர்தல்களில் கூட்டம் கூடிய ஒன்று சட்டமன்றத்துக்கானது அல்ல. 1991 மக்களவைத் தேர்தலில் அத்வானி புது டெல்லி, குஜராத்தின் காந்திநகர் இரண்டிலும் வென்றார். புது டெல்லியில் நடிகர் ராஜேஷ் கன்னாவை வெறும் 1,589 வாக்குகளில்தான் முந்தினார். அத்வானி காந்திநகரை வைத்துக்கொண்டு புது டெல்லியை விட, 1992 இடைத்தேர்தலில் ராஜேஷ் கன்னாவுக்கு எதிராக பாஜக நிறுத்தியது சத்ருகன் சின்ஹாவை. இரண்டு நட்சத்திரங்களில் வென்றவர் கன்னா.

★ தமிழ்நாட்டுக் கணக்கு வேறு மாதிரி. 2015இல் ஜெயலலிதாவுக்காக வெற்றிவேல் ஆர்.கே.நகரை விட்டுக்கொடுத்தார். எதிர்த்து நின்ற அத்தனை பேரும் டெபாசிட் இழந்தார்கள். 2024இல் விளவங்கோடு காங்கிரஸ் எம்எல்ஏ விஜயதரணி பாஜகவுக்குப் போனார். வேத் பிரகாஷுக்குக் கிடைத்த சீட்டுகூட அவருக்கு அங்கே கிடைக்கவில்லை. தொகுதி காங்கிரஸிடமே தங்கியது.

★ பிரிட்டனில் எம்பியால் ராஜினாமா செய்யவே முடியாது. 1624இல் போட்ட கட்டு. விலக விரும்புபவர் மன்னரின் பெயரளவுப் பதவி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வார். ‘சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்’ என்று பெயர். சம்பளம் கிடையாது, வேலையும் கிடையாது. அரச பதவி வகிப்பவர் எம்பியாக இருக்கக்கூடாது என்பதால் இடம் தானாகக் காலியாகிவிடும்.

★ பவானாவில் கட்சி தாவியவரைத் தோற்கடித்த ராம் சந்தர் பிறகு என்ன ஆனார்? 2024 ஆகஸ்டில் பாஜகவில் சேர்ந்தார். சில நாள்களிலேயே ஆம் ஆத்மிக்குத் திரும்பினார். கேஜ்ரிவால் கனவில் வந்து திட்டினாராம்.